சாட்சிக்கு இருவர்

மூன்று பேர் கொண்ட குழுவுக்கு முன்னால் போய் உட்காரும்போது எல்லாரும் நடுவில் இருப்பவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அது தவறு. நடுவில் இருப்பவர் தலைவர். நேரம் பார்ப்பதும் குறுக்கே பேசுகிறவர்களை அடக்குவதுமே அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஓரத்தில் எதையும் எழுதிக்கொள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துப் பேச வேண்டும். எழுதாதவர்தான் உண்மையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. லெபனானிலிருந்து வந்து இந்த ஏரிக்கரையில் மூன்று தலைமுறையாகத் தோல் வாங்கி விற்ற குடும்பம் எங்களுடையது. மிங்க், நரி, நீர்நாய். தோல் கொண்டுவருகிறவன் ஒருவன் இருப்பான், அவனோடு பேசாமல் நிற்கிற மச்சான் ஒருவன் இருப்பான். எங்கள் ஆட்கள் விலையை மச்சானிடம்தான் சொல்வார்கள்.

உங்கள் ஒலிப்பதிவுக் கருவியில் சிவப்பு விளக்கு எரிகிறது, நல்லது. என் பெயர் சமீஹா ஹம்தூன். வயது ஐம்பத்தொன்பது. மார்டன் ஏரி ஊரில் இருபத்தெட்டுப் படுக்கைகள் கொண்ட தொடர் பராமரிப்பு இல்லம் நடத்துகிறேன். தனியாக வீட்டில் இருக்கவும் முடியாமல், ஆஸ்பத்திரியில் கிடக்கவும் அவசியமில்லாமல் இருப்பவர்கள் கடைசி வரைக்கும் இருக்கிற இடம். அரசு உரிமம் கொடுத்தால்தான் நடத்தலாம். நடத்தினேன் என்று திருத்திக்கொள்ள வேண்டுமானால் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் கடிதம் எதுவும் வரவில்லை.

இல்லத்தை நான் தொடங்கியது என் தம்பி ஃபாரெஸுக்காக. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால், ஏப்ரல் மாதம், ஊரில் எல்லாரும் பனிவண்டியைக் கொட்டகையில் ஏற்றிவிட்ட பிறகு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஏரிமேல் ஓட்டிக்கொண்டு போனான். பனிக்கட்டிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. தண்ணீருக்கடியில் எத்தனை நிமிடம் இருந்தான் என்பதில் இன்றைக்கும் ஊரில் இரண்டு கட்சி உண்டு. வெளியே எடுத்தபோது அவனிடம் மிச்சமிருந்தது என் முகத்தைப் பற்றிய ஞாபகம் மட்டும்தான். நான் ஊட்டினால் சாப்பிடுவான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் உடம்பு முழுக்க நடுங்குவான். ஒரே ஒருத்தனுக்காக உரிமம் தரமாட்டார்கள் என்பதால் நாலு படுக்கை போட்டேன். பிறகு இருபத்தெட்டு ஆயிற்று.

போன அக்டோபரில் உரிமத்தை ரத்து செய்து கடிதம் வந்தது. மூன்று ஆய்வுகள், முப்பத்தொரு குறைகள். இரவில் இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே பராமரிப்பாளர். ஒருவருடைய படுக்கைப்புண் பதினோரு நாள் பதிவேட்டில் ஏறவில்லை. மருந்துக் கணக்கு உதைத்தது. எல்லாம் உண்மை, நான் எதையும் மறுக்கவில்லை. மைனஸ் நாற்பதில் ராத்திரி வேலைக்கு இந்த ஊருக்கு யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்பதும் உண்மைதான். அதற்கு அவர்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

பதினேழாவது குறை நீலத் தாள். அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வந்ததே அதற்காகத்தான்.

எங்களிடம் மரிவிக் என்று ஒரு பராமரிப்பாளர் இருக்கிறாள். பிலிப்பைன்ஸ்காரி, பதினான்கு வருடமாக இருக்கிறாள். எல்லாரையும் மேம், சார் என்பாள். சமையலறைப் பூனையும் அவளுக்கு சார்தான். அவள் ஆரம்பித்த பழக்கம் அது. ஒவ்வொருவர் அலமாரிக் கதவின் உட்பக்கமும் ஒரு நீலத் தாள் ஒட்டியிருக்கும். டாக்டர் எழுதாத விஷயங்கள் அதில் இருக்கும். இவருக்கு மாத்திரையைச் சாஸ்கட்டூன் பழ ஜாமில் வைத்துக் கொடு. இந்தம்மா கறுப்பு மிதியடியைப் பள்ளம் என்று நினைக்கிறாள், அதை எடுத்துவிட்டுக் கூப்பிடு. இப்படி.

வாசில் என்று ஒரு கிழவர், உக்ரைன்காரர், தொண்ணூற்றொரு வயது, கோதுமை விவசாயி. அவர் தாளில் ஒரே வரிதான். அவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது நீயும் ஒரு சின்னக் குவளையில் ஊற்றிக்கொள், அவர் கண்ணெதிரே நீ முதலில் குடி, ‘டாய் போஷே’, அவர்கள் மொழியில் கடவுள் கொடுக்கட்டும், என்று சொல், பிறகு அவர் குடிப்பார். அவர் குழந்தையாக இருந்தபோது அந்த நாட்டில் யார் கொடுத்த எதை நம்பிக் குடித்தார்களோ, யார் செத்தார்களோ, நமக்குத் தெரியாது. இன்னொருவர் குடித்துப் பார்க்காமல் ஒரு வாய் உள்ளே போகாது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எங்கள் ஆட்கள் அவரோடு குவளை தூக்குவார்கள். ஊரில் உக்ரைன்காரர்களைவிட மரிவிக்குக்குத்தான் அந்த உச்சரிப்பு சுத்தமாக வரும்.

ஈனிட் டீச்சர் என்று இன்னொருவர். எண்பத்து நாலு வயது, சொந்தபந்தம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். தினமும் காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்திருப்பார். கால் தாங்காது. பக்கத்தில் போய், “இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி டீச்சர், ஸ்கூல் பஸ் ஓடல, லீவு விட்டுட்டாங்க” என்று சொன்னால் போதும். அவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஜூலை மாதத்தில் சொன்னாலும் நம்புவார்.

ஆய்வாளர் இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, தேதியில்லை, கையெழுத்தில்லை, வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிறது, உடனே அகற்றுக என்று எழுதினார். முப்பத்தொரு குறைகளில் நான் அன்றைக்கே சரிசெய்தது அந்த ஒன்றைத்தான். எல்லாவற்றையும் கழற்றி என் மேஜை டிராயரில் வைத்தேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் மனப்பாடம், அதனால் இங்கே யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

கடிதத்தில் டிசம்பர் கடைசிக்குள் எல்லாரையும் வேறு இடங்களுக்கு மாற்றுவோம் என்று இருந்தது. எங்கே என்று இல்லை. இடம் ஒதுக்குகிற அலுவலகத்துக்குப் போன் செய்து ஃபாரெஸ் எங்கே போவான் என்று கேட்டேன். அந்தப் பெண் நல்லவள்தான், பொறுமையாகவே பேசினாள்.

“எங்க முதல்ல படுக்கை காலியாகுதோ அங்கதான் மேடம். வடக்க ஒண்ணு காலியாகப் போகுது.”

“வடக்கன்னா எவ்வளவு தூரம்?”

“எட்டு மணி நேரம் ஆகும். ரோடு நல்லா இருந்தா.”

ரோடு நல்லா இருந்தால் என்பதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் இல்லத்து வெப்ப உலை பழுதாகி, ஃபாரெஸை நாலு நாள் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்தோம். முந்நூறு மீட்டர் தூரம். நான் கூடவே இருந்தேன். என் கையிலிருந்தும் ஒரு வாய் சாப்பாடு வாங்கவில்லை. அறை மாறினால் என் முகமும் அவனுக்கு வேறு யாருடைய முகமாகவோ ஆகிவிடுகிறது. நாலு நாளில் ஆறு கிலோ இறங்கினான். ஐந்தாவது நாள் உலை சரியானது. அந்த ஆறு கிலோவை ஏற்ற எனக்கு எட்டு மாதம் பிடித்தது. அதனால், அவனை மாற்றினால் என்ன ஆகும் என்று நான் யூகம் செய்யவில்லை. எனக்குத் தெரியும்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று மரிவிக்கைக் கேளுங்கள், சொல்வாள். அமைச்சருக்கு எழுதினேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு எழுதினேன். அவர் அலுவலகம் எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பியது. ஃபாரெஸ் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக்கொள்வேன். சீப்பை எடுத்தால் முடி கொத்தாக வந்தது. பள்ளிவாசலில் பெண்கள் எனக்காகத் துஆ செய்தார்கள். சமையலுக்கும் ஆள் அனுப்பினார்கள். நான் சட்டப் புத்தகத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரத்துக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பன்னிரண்டாவது நாள் செய்தேன். வக்கீல் வைக்கவில்லை, பேரத்துக்கு இன்னொருவனை அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கூடவே இடைக்காலத் தடை கேட்டேன். விசாரணை முடிகிற வரை யாரையும் வெளியேற்ற வேண்டாம், ஆனால் புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. விசாரணை ஜனவரி இருபது. இரு தரப்பும் தங்கள் ஆதாரங்களைப் பதினான்கு நாளுக்கு முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கொண்டுவருவதைக் குழு அனுமதித்தால்தான் உண்டு.

பலர் நினைக்கிற மாதிரி அந்தக் குழு உங்களைத் தண்டிக்க வருவதில்லை. மன்னிக்கவும் வருவதில்லை. அதிகாரி எடுத்த முடிவை அப்படியே வைக்கலாம், தள்ளலாம், கொஞ்சம் மாற்றி எழுதலாம். இந்த மூன்றில் ஒன்று. குறைகளைப் பற்றிப் பேசினால் நான் தோற்பேன் என்று தெரியும். முப்பத்தொன்றும் உண்மை என்று உங்களிடமே சொன்னேன் அல்லவா. தராசின் இன்னொரு தட்டில்தான் எனக்கு இடம் இருந்தது. இல்லத்தை மூடினால், உள்ளே இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கேடு வரும் என்று காட்ட வேண்டும். முதியவர்களை இடம் மாற்றினால் சீக்கிரம் சாகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் இருக்கின்றன. அப்படியெல்லாம் இல்லை என்கிற கட்டுரைகளும் இருக்கின்றன. அவர்கள் அதைக் கொண்டுவருவார்கள். காகிதத்துக்குக் காகிதம் சரியாகப் போய்விடும். எங்கள் தொழிலில் ஒருவன் இது நல்ல தோல் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள். முடியை ஊதிப் பிரித்து அடிமயிரைக் கண்ணில் காட்ட வேண்டும்.

முதலில் ஒரு பட்டியல் போட்டேன். இருபத்தெட்டுப் பேரையும், இடம் மாற்றினால் யார் எவ்வளவு நாள் தாங்குவார்கள் என்ற வரிசையில் எழுதினேன். அவசரமாக எழுதவில்லை. மரிவிக்கிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதினேன். குழுவுக்குக் கொடுத்த ஆவணங்களில் அதுவும் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதல் பெயர் ஃபாரெஸ். இரண்டாவது வாசில். ஐந்தாவது ஈனிட் டீச்சர்.

வாசிலின் மகள் லெஸ்யா எட்மன்டனில் இருக்கிறாள். அப்பாவைத் தன் வீட்டுப் பக்கத்தில் உள்ள இல்லத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வேண்டாம், இங்கே பழகிவிட்டார் என்று தள்ளிப்போட்டு வந்தேன். டிசம்பர் கடைசியில் நானே கூப்பிட்டேன்.

“ரெண்டு வருஷமா கெஞ்சறேன், நீங்க அசையவே இல்ல,” என்றாள். “இப்ப என்ன திடீர்னு?”

“நான் பிடிவாதம் பிடிச்சது தப்புன்னு தோணுச்சு லெஸ்யா. மகள் பக்கத்துல இருக்கணும்ல.”

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். ஜனவரி நாலாம் தேதி அவரை அழைத்துப்போக வந்தபோது எனக்கென்று தேன் கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். எட்டு அடுக்கு. அன்றைக்கு மைனஸ் முப்பத்து நாலு. வாசில் ஆட்டுத்தோல் குல்லாயோடு வண்டியில் நேராக உட்கார்ந்திருந்தார், டிராக்டரில் உட்காருகிற மாதிரி.

மாற்றுப் படிவம் பதினோரு பக்கம். நானே நிரப்பினேன். அதில் ஒரு பொய் கூட இல்லை, வேண்டுமானால் யாரை வைத்து வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மருந்து, அளவு, ரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் எழுதினேன். நீர் அருந்துதல் என்ற இடத்தில் ‘ஊக்குவிக்கவும்’ என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

வண்டி கிளம்பிய பிறகு மரிவிக் என் அறைக்கு வந்தாள்.

“நீலத் தாள் கூட வச்சீங்கல்ல மேம்?”

“வச்சேன்.”

“குடிக்கறத பெருசா எழுதச் சொல்லலாம்னு நெனச்சேன். அங்க உள்ளவங்களுக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா செஞ்சாங்கன்னா போதும்.”

“செய்வாங்க,” என்றேன்.

அது ஒன்றுதான் நான் சொன்ன பொய். அதையும் அவள் மனது கஷ்டப்படக்கூடாது என்று சொன்னது.

பதினோராவது நாள் வாசில் இறந்தார். லெஸ்யா போனில் சொன்னாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டாராம். குவளையை உதட்டில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டாராம். குழாய் வழியாகக் கொடுக்கலாமா என்று கேட்டார்களாம். அப்பா அதெல்லாம் வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். “தண்ணியப் பாத்துக்கிட்டே இருந்தார் சமீஹா. தாகமாத்தான் இருந்துச்சு அவருக்கு. என்னையும் பாத்தார். ஏன் குடிக்கலன்னு எனக்குத் தெரியவே இல்ல.” இதை மூன்று தடவை சொன்னாள். இங்கேயே இருந்திருந்தால் குடித்திருப்பார் என்று நான் சொன்னேன். அது உண்மை. இடம் மாற்றியதால் அப்பாவுக்கு என்ன நடந்தது என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, மற்ற குடும்பங்களுக்காவது இந்த நிலை வரக்கூடாது என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதினாள். படிக்கும்போது எனக்கே கண் கலங்கியது.

விசாரணை எங்கள் ஊரிலேயே நடந்தது, பனித்தளத்தில் கல்லைத் தள்ளி விளையாடுகிற கர்லிங் அரங்கின் மாடியில். கீழே கல் வழுக்கிப் போய் இன்னொரு கல்லில் மோதுகிற சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தலைவர் ஒரு வக்கீலம்மா. அவருக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். இடப்பக்கம் பொதுமக்கள் சார்பில் ஸ்வென்சன் என்று ஒரு மாட்டுப்பண்ணைக்காரர். கையைக் கட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். எதிர்த்தரப்பில் துறையின் வக்கீல் கில்லஸ்பி, மெலிந்த மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கண்ணாடியைத் துடைப்பவர்.

வாசில் இறந்தது ஜனவரி பதினைந்து. ஆதாரம் ஒப்படைக்கிற கெடு ஆறாம் தேதியே முடிந்துவிட்டது. அனுமதி கேட்டேன். கில்லஸ்பி எதிர்த்தார். கெடுவுக்குப் பிறகு நடந்ததைக் கெடுவுக்கு முன்னால் எப்படிக் கொடுப்பது என்று தலைவர் கேட்டுவிட்டு அனுமதித்தார். இது நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பிந்தி வருகிற ஆதாரத்துக்குப் பலம் அதிகம். எதிராளி அதற்குப் பதில் தயாரித்திருக்க மாட்டார்.

லெஸ்யாவின் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். நர்ஸ் மூக்கைச் சிந்தினார். கில்லஸ்பி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, தொண்ணூற்றொரு வயது, கடுங்குளிர், இதய நோய், ஒருவருடைய மரணத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நான் ஸ்வென்சனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க அவர் பேசியது அந்த ஒரு தடவைதான்.

“அவர் சொல்றது சரிதாம்மா,” என்றார். “ஒரு மாடு செத்தா அது செத்த மாடு. ரெண்டாவது மாடும் சாஞ்சாத்தான் நாங்க மாட்டு டாக்டரக் கூப்பிடுவோம்.”

தலைவர் அவரைக் கண்டித்தார். மனிதர்களை மாட்டோடு ஒப்பிட வேண்டாம் என்றார். ஸ்வென்சன் மன்னிப்புக் கேட்டார், காது சிவந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. அன்றைக்கு அந்த அறையில் விலை சொன்ன ஒரே ஆள் அவர்.

புதிய ஆதாரத்துக்குப் பதில் தர கில்லஸ்பி அவகாசம் கேட்டார். அது அவர் உரிமை. மூன்று வாரம் ஒத்திவைத்தார்கள்.

மூன்று வாரம் போதுமா என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஈனிட் டீச்சருக்குக் குடும்பம் இல்லாததால் அவர் சார்பில் முடிவெடுப்பது அரசுப் பாதுகாவலர் அலுவலகம். எப்படியும் இல்லம் மூடப்படலாம், இப்போதே தெற்கே நல்ல புதிய கட்டடத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது, ஜன்னலிலிருந்து பள்ளி மைதானம் தெரியும் என்று எழுதினேன். பள்ளி மைதானம் தெரிந்ததும் உண்மைதான். இரண்டு நாளில் சம்மதம் வந்தது. ஜனவரி இருபத்தேழு அனுப்பினேன். படிவத்தில் ‘விழும் அபாயம்: அதிகம்’ என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். இதைவிட ஒருவர் என்ன எச்சரிக்க முடியும்?

வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுப்பாடம் எழுதிட்டியா?” என்று கேட்டார்.

“எழுதிட்டேன் டீச்சர்.”

“கெட்டிக்காரி.”

மூன்றாவது நாள் காலை ஐந்து மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பியிருக்கிறார். பள்ளி லீவு என்று சொல்ல யாரும் இல்லை. இடுப்பெலும்பு. பிப்ரவரி எட்டாம் தேதி இறந்தார். விசாரணை திரும்பத் தொடங்கியது பத்தாம் தேதி.

இந்தத் தடவை நான் அதிகம் பேசவில்லை. கில்லஸ்பி பத்து நிமிடம் வாசிலின் மருத்துவக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் முடிக்கிற வரை காத்திருந்து, இன்னொரு செய்தி இருக்கிறது, சொல்லவே மனம் வரவில்லை என்று எழுந்தேன். நான் சொல்லி முடித்ததும் கீழே கல் மோதுகிற சத்தம்தான் கேட்டது. ஸ்வென்சன் கட்டியிருந்த கையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

தீர்ப்பு மார்ச் முதல் வாரம் வந்தது. ரத்து தள்ளப்பட்டது. உரிமம் நிபந்தனைகளோடு தொடரும்: இரவில் இரண்டு பேர், மாதம் ஒரு அறிக்கை. நாற்பத்தொன்றாம் பத்தியில் எழுதியிருந்தார்கள், ஆறு வாரத்துக்குள் நிகழ்ந்த இரண்டு மரணங்களைக் குழு ஆழ்ந்த வருத்தத்தோடு கவனத்தில் கொள்கிறது, மீதி இருபத்தாறு பேரை அதே ஆபத்துக்கு உட்படுத்த முடியாது என்று. அந்தப் பத்தியை ஃபாரெஸுக்குப் படித்துக் காட்டினேன். அவன் முழுக் கிண்ணம் கஞ்சி சாப்பிட்டான்.

மரிவிக் மார்ச் மாதத்தில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தெற்கே போனாள். ஈனிட் டீச்சரின் பொருட்களை யாரும் வந்து எடுத்துப்போகவில்லை என்று கேள்விப்பட்டு, தான் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று போனாளாம். அங்கே இருந்த பெண்ணிடம், காலையில் பஸ் ஓடவில்லை என்று சொல்வீர்கள் இல்லையா என்று கேட்டிருக்கிறாள். என்ன பஸ் என்று அந்தப் பெண் கேட்டாளாம். திரும்பி வந்து நேராக என் அறைக்குள் நுழைந்து டிராயரைத் திறந்தாள். பதினான்கு வருடத்தில் கதவைத் தட்டாமல் அவள் உள்ளே வந்தது அன்றுதான். இருபத்தெட்டுத் தாள்களும் அடுக்கி வைத்தபடி இருந்தன.

“ரெண்டு பேரு தாளும் இங்கதான் இருக்கு.”

“ஆய்வுல எடுக்கச் சொன்னாங்க மரிவிக். பதினேழாவது குறை.”

“வச்சேன்னு சொன்னியே.”

மேம் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். பிறகு அவள் போலீஸில் உங்களுக்குப் போன் செய்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல வேலைக்காரி, அவளை விட்டுவிடாதீர்கள் என்று அடுத்து நடத்தப்போகிறவரிடம் சொல்லுங்கள்.

இனி நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். நீலத் தாள் இல்லாமல் போனால் வாசில் தண்ணீர் குடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஈனிட் டீச்சர் எழுந்து நடப்பார், விழுவார் என்று எனக்குத் தெரியும். விசாரணைத் தேதிக்குள் அது நடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். இருவரும் போனதால் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். என் கூரைக்குக் கீழே நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை.

உங்களோடு வந்தவர், அதோ அந்தச் சுவரோரம் எதையும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் காலையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இப்போதுதான் வாயைத் திறந்தார். பட்டியலில் முதல் பெயர் உங்கள் தம்பியுடையது, ஒரு ஆளை இடம் மாற்றி அனுப்பித்தான் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்றால் முதல் பெயரை விட்டுவிட்டு ஏன் இரண்டாவதும் ஐந்தாவதும் என்று கேட்கிறார்.

இது ஒரு கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்கிறேன்.

“அவன அனுப்பியிருந்தா அவன் செத்துருப்பானேங்க.”